மாசிலாமணிக்காக நான் எழுதிய மன்னிப்புக் கடிதம்

1

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து இந்த ஏப்ரலோடு ஐந்து வருஷம் நிறைந்துவிட்டது. சரியாகச் சொன்னால் ஸ்டெல்லாவுக்கு ஏழு வருஷம். நர்ஸ் வேலை கிடைத்து அவள் முதலில் வந்தாள். எழுபத்து நாலில் நானும் பையன் சாமும் பின்னால் வந்து சேர்ந்தோம். வருஷாவருஷம் அந்த வந்த நாளில் வீட்டில் பிரியாணி செய்வது வழக்கம். இந்தத் தடவை அது சனிக்கிழமை. ஸ்டெல்லா ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரம் வருவதாகச் சொல்லியிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. உங்கள் மகன் இங்கே இருக்கிறான், பதினேழு வயது ஆகாததால் பெற்றவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அவனிடம் கேள்வி கேட்க முடியாது, தயவுசெய்து வர முடியுமா என்று ஒருவர் கேட்டார்.

அந்தத் 'தயவுசெய்து'தான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. நம் பக்கத்தில் ஸ்டேஷனிலிருந்து அப்படி யாரையும் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ் ஏறினேன்.

விஷயம் இவ்வளவுதான். கடைத்தெருவில் பையன்களுக்குள் ஏதோ தள்ளுமுள்ளு. யாரோ பாட்டிலை வீச, ஒரு செருப்புக் கடையின் கண்ணாடி நொறுங்கியிருக்கிறது. ஓடியவர்கள் ஓடிவிட்டார்கள். ஓடாமல் நின்ற இரண்டு பேரைப் பிடித்து வந்திருந்தார்கள். ஒருவன் சாம். இன்னொருவன் அவனோடு படிக்கும் லாயிட், ஜமெய்க்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். லாயிடை வேறு அறையில் வைத்திருந்தார்கள்.

நரைத்த மீசை வைத்த சார்ஜன்ட் ஒருவர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். பிறகு சாமைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "நீ எதுவும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. நீயாக விரும்பினால் சொல்லலாம். ஆனால் சொல்வதை எழுதிவைத்துச் சாட்சியமாகக் கொடுக்கக்கூடும். புரிந்ததா?" சாம் தலையாட்டினான்.

எனக்குத்தான் புரியவில்லை. போலீஸ்காரரே ஸ்டேஷனுக்குள் உட்கார்ந்துகொண்டு, இஷ்டமில்லை என்றால் பேசாதே என்கிறார். அந்தத் திகைப்பில் நான் என் பிறவிக் குணத்தைக் காட்டிவிட்டேன். எழுந்து நின்று கையைக் கூப்பி, "சாரி சார். வெரி சாரி. சின்னப் பையன். இனிமேல் செய்ய மாட்டான்" என்றேன்.

சார்ஜன்ட் பேனாவை எடுத்தார். "எதற்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள்? உங்கள் மகன் செய்ததாக உங்களுக்குத் தெரியுமா?"

"அப்பா, உக்காரு. நான் செய்யலை. நீ ஏன் செஞ்சேன்னு சொல்றே?" என்றான் சாம். வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பையன், அங்கே அத்தனை பேருக்கு நடுவில் தமிழில் கேட்டான். அவன் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. அந்தப் பயம் போலீஸைப் பார்த்து வந்ததல்ல, என்னைப் பார்த்து வந்தது.

2

இந்த நாட்டில் சாரி என்பது பெறுமானமில்லாத சொல். பஸ்ஸில் காலை மிதித்தவரும் சாரி சொல்வார், மிதிபட்டவரும் சாரி சொல்வார், அவரவர் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடுவார்கள். ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்லிச் சமாளித்துப் பார்த்தேன். சாமைக் குற்றம் எதுவும் சாட்டாமல் அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள், என் உளறலால் கெடுதல் ஒன்றும் வரவில்லை என்றும் சொன்னேன். "கையக் கூப்பினீங்களாமே?" என்றாள் அவள். அந்த வித்தையை நான் கற்றது வேறு இடத்தில்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களில் சிலருக்குக் கும்மிடிப்பூண்டியின் அந்த ஆரம்ப நாட்கள் நினைவிருக்கும். கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நான் கவரைப்பேட்டையில் குடியிருந்துகொண்டு அங்கே இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றில் டைம் ஆபீஸ் கிளார்க்காக வேலை பார்த்தேன். மில்லின் பெயர் வேண்டாம். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று அட்டையில் குறிப்பது என் வேலை. நேற்றுவரை நாற்று நட்டவர்களும் பழவேற்காட்டுப் பக்கம் வலை போட்டவர்களும் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு பாசஞ்சர் வண்டியில் வந்து இறங்கினார்கள். நானும் அப்படிப்பட்ட குடும்பம்தான். என் அப்பா கூலிக்குப் போன வயலின் வரப்பில்தான் நான் நடை பழகினேன். வயலில் தப்பு நடந்தால் ஆண்டைக்கு ஒரு கும்பிடு போட்டால் முடிந்துவிடும். மில்லில் கும்பிடு போதாது, காகிதம் வேண்டும். அதற்குப் பெயர் மன்னிப்புக் கடிதம்.

தாமதமாக வந்தால் மன்னிப்புக் கடிதம். ஷிப்டில் கண்ணயர்ந்தால், மேஸ்திரியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், கேட்டில் நின்று பீடி பிடித்தால், எல்லாவற்றுக்கும் அதே. எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே வேலைக்குள் போகலாம். கொடுக்காவிட்டால் விசாரணை முடிகிறவரை கேட்டுக்கு வெளியே நிற்கவேண்டும். ஆகவே செய்தவனும் எழுதினான், செய்யாதவனும் எழுதினான். ஏனப்பா என்று கேட்டால், "வுடுண்ணா, ஒரு மன்னிப்புதானே, இன்னா தேஞ்சா பூடும்" என்பார்கள். தப்பு யாருடையது என்று பார்ப்பதைவிடப் பெரியவர் மனசு ஆறுவதுதான் முக்கியம் என்று எண்ணி வளர்ந்த கூட்டம் நாங்கள். கேட்கிறவருக்கும் அது தெரியும், எழுதுகிறவனுக்கும் அது தெரியும் என்று நம்பினோம்.

முக்கால்வாசிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்குமேல் வராது. எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்து எழுத்து, மணிமணியாக இருக்கும். எழுதித் தருவது தானாக என் தலையில் விழுந்தது. வாசகம் மனப்பாடம். 'நான் அறியாமல் செய்துவிட்ட இத்தவறுக்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன். மேனேஜர் சமூகம் அவர்கள் கருணைகூர்ந்து இம்முறை பொறுத்தருளப் பிரார்த்திக்கிறேன். இனி இவ்வாறு நடவாது என உறுதி கூறுகிறேன்.' என்ன தவறு என்பதற்கு மட்டும் இடம் விட்டு வைப்பேன். வண்டி தாமதமான காலைகளில் பத்துப் பேருக்கு ஒரே மூச்சில் எழுதியிருக்கிறேன். டீ வாங்கித் தந்து, "நீ இல்லன்னா பேஜாருதாண்ணா" என்பார்கள். எனக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

3

மாசிலாமணி ஏளாவூர்ப் பக்கத்து ஆள். ஃபிட்டருக்கு ஹெல்பர். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது, வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வாய் ஓயாமல் பேசுவான். எதற்கும் ஒரு கேள்வி கேட்பான். ஸ்டெல்லா இங்கே வந்த பிறகு நானும் சாமும் தனியாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அவன் வீட்டில்தான். அவன் மனைவி ராணி சாமுக்கென்று முள் எடுத்த மீனைத் தனியாக வைப்பாள். சாமுக்கு அவன் மாசி மாமா.

ஒரு நாள் காலை ஸ்டோரில் நான்கு பித்தளை புஷ் காணவில்லை. உருளையின் தண்டைத் தாங்கும் கனமான வளையங்கள் அவை. முந்தின நாள் ஸ்டோருக்குள் போய்வந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் நிரந்தர ஆட்கள், யூனியனில் இருப்பவர்கள். மூன்றாவது ஆள் மாசிலாமணி. ஃபிட்டர் நட்டு எடுத்துவர அனுப்பியிருந்தார்.

மேனேஜர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "அந்த ஏளாவூர்ப் பையன் உனக்கு வேண்டியவன்தானே? ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கிக் கொடு. எழுதிக் கொடுத்தா இதோட விட்டுடறேன். என் மேஜை டிராயரைத் தாண்டிப் போகாது" என்றார். நான் அங்கேயே நின்று வழக்கமான வாசகத்தை எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "எதுக்கு மன்னிப்புன்னு இருக்க வேணாமா? 'பித்தளை புஷ்களை எடுத்த தவறுக்காக'ன்னு போடு" என்றார். போட்டேன். இடம் விட்டு நிரப்புவதுதானே என் வழக்கம். கை அது பாட்டுக்கு எழுதிவிட்டது.

மாசிலாமணியை டைம் ஆபீஸுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"நான் எடுக்கலியேண்ணா. எடுக்காததுக்கு இன்னாத்துக்கு எழுதணும்?" என்றான்.

"எடுத்தேன்னு யாரு சொன்னது? எழுதிக் குடுத்தா இதோட வுட்டுடறேன்னு மேனேஜரே சொல்லிக்கிறாரு. என் காதால கேட்டேன். மொரண்டு புடிச்சா விசாரணை அது இதுன்னு இஸ்த்துக்கினு போவாங்க. நிரந்தரமும் ஆவாது."

"இதுல இன்னா எழுதிக்கிறே? படி, கேக்கலாம்."

படித்தேன். 'பித்தளை புஷ்களை எடுத்த' என்ற இரண்டு மூன்று சொற்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் படித்தேன். ஏமாற்றும் எண்ணம் என்று சொல்லமாட்டேன். அதைப் படித்தால் அவன் கேள்வி கேட்பான், வாதம் வளரும், மேனேஜர் காத்திருக்கிறார், இது வெறும் சம்பிரதாயம் என்று மனசுக்குள் ஓடியது. ஆனால் விட்டுவிட்டுத்தான் படித்தேன். அதை இத்தனை வருஷம் ஸ்டெல்லாவிடம்கூட நான் சொன்னதில்லை.

"நீ சொன்னா சரிண்ணா" என்று சொல்லி மாசிலாமணி தன் பெயரை எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டான்.

4

நாலாம் நாள் அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். குற்றத்தைத் தானே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டதால் விசாரணை தேவையில்லை என்று உத்தரவில் இருந்தது. அன்றே ஸ்டேஷனில் புகார். புகாரோடு அந்தக் கடிதமும் போயிற்று.

ஸ்டேஷனில் அவனை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஜாமீனில் வெளியே வந்தபோது அவன் நடந்த விதத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதும் இல்லை. ஆனால் அந்த இரண்டு நாளில் ஒரு தடவைகூட அவன் எடுத்தேன் என்று சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராணி என் வீட்டுக்கு ஒரு வக்கீலை அழைத்து வந்தாள். திருவள்ளூர்க்காரர், இளவயது, கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்தார். அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் நான் செய்திருப்பது என்ன என்று எனக்குத் தெரிந்தது.

"சார், போலீஸ்கிட்ட அவரு ஆயிரம் தடவை ஒத்துக்கினு இருந்தாலும் கோர்ட்ல அது செல்லாது. அடிச்சு வாங்கியிருப்பாங்கன்னு சட்டத்துக்கே சந்தேகம். தனக்கு எதிரா தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு. ஆனா இந்தக் கடுதாசி போலீஸ்கிட்ட குடுத்தது இல்ல. மேனேஜர்கிட்ட தானா எழுதிக் குடுத்ததுன்னு காட்டறாங்க. அவங்க கையில இருக்கற ஒரே சாட்சியம் இதுதான்."

"இப்ப இன்னா பண்றது?" என்று கேட்டேன்.

"மேலே இருக்கறவரு ஆசை காட்டி வாங்கின ஒப்புதல்னு நாம காட்டிட்டா இதுவும் செல்லாமப் போயிடலாம். எழுதிக் குடுத்தா விட்டுடறேன்னு மேனேஜர் சொன்னதக் காதால கேட்டவரு நீங்க ஒருத்தர்தான். மாசிலாமணி அவர் வாயால கேக்கல, உங்க வாயாலதான் கேட்டாரு. அதனால நீங்க கோர்ட்டுக்கு வந்து சொல்லணும்."

அவன் எடுக்கவில்லை என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை. யார் எடுத்தார்கள் என்று சொல்லவேண்டியதில்லை, அது எனக்கு இன்றுவரை தெரியாது. மேனேஜர் இப்படிச் சொன்னார், நான் கேட்டேன் என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சரியா ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

வக்கீல் எழுந்தார். "கட்டாயப்படுத்திக் கூப்பிட்டு, அங்க வந்தும் ஞாபகம் இல்லன்னு சொன்னீங்கன்னா இன்னும் மோசமாப் போயிடும். நீங்களா வரணும். அடுத்த புதன்கிழமை பத்து மணி" என்றார். வாசல்வரை போன ராணி திரும்பி நின்று, "பாத்துச் செய்யிங்கண்ணா" என்றாள். பார்க்கலாம்மா என்றேன்.

அப்போது என் பாஸ்போர்ட் மனு போலீஸ் விசாரணைக்காக அதே ஸ்டேஷனில் கிடந்தது. ஸ்டெல்லா இங்கிலாந்தில் வீடு பார்த்துவிட்டாள், சாமுக்குப் பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். யாரும் என்னை மிரட்டவில்லை. மேனேஜர் ஜாடையாகக்கூட ஒன்றும் கேட்கவில்லை. மிரட்டியிருந்தால் இன்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது மிஞ்சியிருக்கும். இன்னொன்றும் இருந்தது. கூண்டில் ஏறினால், கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டினாயா என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார்கள்.

கோர்ட் இருந்த ஊருக்கு எங்கள் ரயில் ஸ்டேஷனிலிருந்து தெற்கே போகும் வண்டி. மில்லுக்கு வடக்கே போகும் வண்டி. புதன்கிழமை காலை நான் வழக்கம்போல மில்லுக்குப் போனேன். மாசிலாமணிக்கு ஆறு மாதம் போட்டார்கள். அவன் வெளியே வருவதற்குள் எனக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது.

5

அந்தச் சார்ஜன்ட் சொன்ன வாசகத்தைப் பற்றிப் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். இவர்கள் நாட்டில் எல்லாம் ஒழுங்கு, நம் நாட்டில் எல்லாம் மோசம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து அறையில் லாயிடிடமும் அதே வாசகத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள், அதைச் சொன்ன பிறகு ஒரு மணி நேரம் அவனைப் பார்த்துக் கத்தியும் இருக்கிறார்கள். நம் சட்டத்திலும் வேலி இருக்கிறது. நம்மவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனைச் சுற்றி உயரமாகவே போட்டிருக்கிறார்கள். அடி வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்வானே என்று சட்டம் கவலைப்பட்டது. நாற்காலி போட்டு உட்காரவைத்து, வேண்டியவன் ஒருவன் நல்ல எழுத்தில் எழுதி நீட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் டைம் ஆபீஸ் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பெரிய மனிதர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்பதைத் திமிர் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். தப்பு செய்யாவிட்டாலும் மன்னிப்புக் கேட்பது மரியாதை. அப்படிப்பட்டவனுக்குப் பேசாமல் இருக்கும் உரிமையைக் கொடுத்தால் அதை எந்தக் கையில் பிடிப்பது என்றே தெரியாது.

6

மே மாதம் லாயிடின் அம்மாவும் அவர்களுடைய வக்கீலம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். லாயிடின் அம்மா ஸ்டெல்லாவின் ஆஸ்பத்திரியிலேயே சமையல்கட்டில் வேலை செய்கிறவர். பாட்டிலை வீசியது லாயிட்தான் என்று வழக்குப் போட்டிருந்தார்கள். வீசியவன் வேறொருவன், அதைப் பார்த்தது சாம் ஒருவன்தான். அவன் கோர்ட்டுக்கு வந்து சொல்வானா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று நான் டீ கொடுத்து அனுப்பினேன்.

அவர்கள் போனதும் சாமிடம் பேசினேன். நாம் வெளியூரிலிருந்து வந்து ஒண்டியிருப்பவர்கள், வீசினவன் இந்த ஊர்ப் பையன், அவன் கூட்டாளிகள் நாளைக்கு உன்னைச் சும்மா விடமாட்டார்கள், பரீட்சை வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எதற்கும் அவன் அசையவில்லை என்றதும் சட்டத்தை எடுத்தேன். "அந்தச் சார்ஜன்டே சொன்னார் இல்ல? நீ எதுவும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லன்னு. பேசாம இருக்க உனக்கு உரிமை இருக்கு."

சாம் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "அது போலீஸ் புடிச்சிட்டுப் போனவனுக்குப்பா. அது இப்ப லாயிடோட ரைட். நான் பாத்தவன். பாத்தவனுக்கு எப்படி அந்த ரைட் வரும்?" என்றான். பிறகு எனக்குப் புரியவில்லையோ என்று நினைத்து அதையே இங்கிலீஷில் ஒரு தடவை சொன்னான்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆறு வருஷமாக நான் யாருடைய உரிமையை எடுத்து என்மேல் போர்த்திக்கொண்டிருந்தேன் என்று என் மகன் பரீட்சைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டான். வெட்கமாக இருந்தது. மகன் முன்னால் அழக்கூடாது என்று அடுப்படிக்குப் போய்க் கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவினேன்.

ஸ்டெல்லா வந்ததும் இரண்டு பேரையும் உட்காரவைத்து மாசிலாமணி கதையைச் சொன்னேன். அவன் ஜெயிலுக்குப் போனது ஸ்டெல்லாவுக்குத் தெரியும். நான் கோர்ட்டுக்குப் போகாதது தெரியாது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சாம், "மாசி மாமாவா?" என்று மட்டும் கேட்டான். கொஞ்சம் கழித்து, "இப்ப எங்க இருக்காரு?" என்றான். தெரியாது என்றேன். "நீ கேக்கவே இல்லியா?" என்றான்.

ஜூனில் சாம் கோர்ட்டில் பேசினான். எதிர்த்தரப்பு வக்கீல் அவனை இருபது நிமிஷம் பிய்த்து எடுத்தார். பாட்டிலின் நிறம் என்ன, நீ நின்றது எத்தனை அடி தூரம், லாயிட் உன் நண்பன் என்பதால்தானே சொல்கிறாய் என்றெல்லாம் கேட்டார். ஒரு இடத்தில் தடுமாறினான். தெரியாததைத் தெரியாது என்றான், பார்த்ததைப் பார்த்தேன் என்றான். லாயிடை விட்டுவிட்டார்கள். அவன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்றார். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, கொடுத்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

7

அடுத்த வாரம் அதே வக்கீலம்மாவின் ஆபீஸுக்குப் போனேன். சத்தியப் பிரமாணம் செய்து ஒரு வாக்குமூலம் கொடுக்கவேண்டும், ஊருக்கு அனுப்பவேண்டும் என்றேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷம் கழித்து இதனால் அவருக்கு என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு வேண்டுமானால் சிக்கல் வரலாம்" என்றார். வரட்டும் என்றேன்.

வீட்டில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினால், முதல் வரியிலேயே கை 'மனப்பூர்வமாக வருந்துகிறேன்' என்று ஓடியது. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவது தடவைதான் ஒழுங்காக வந்தது. மேனேஜர் என்ன சொன்னார் என்று எழுதினேன். யார் சொல்லி எந்தச் சொற்களைச் சேர்த்தேன் என்று எழுதினேன். படித்துக் காட்டும்போது அவற்றை விட்டுவிட்டேன் என்று எழுதினேன். எல்லாம் ஞாபகம் இருந்தும் வக்கீலிடம் ஞாபகம் இல்லை என்றேன், புதன்கிழமை என்னை யாரும் தடுக்கவில்லை, நானாகத்தான் வராமல் இருந்தேன் என்று எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை எங்கும் போடவில்லை. அதைப் போட்டால் மறுபடி மாசிலாமணியைத்தான் ஏதோ ஒன்று செய்யச் சொல்வதாக ஆகிவிடும் என்று பட்டது.

வாக்குமூலத்தை ராணியின் பெயருக்கு அனுப்பினேன். ஏழு வாரம் ஒன்றும் வரவில்லை. நேற்றுக் காலை நீல நிற விமானக் கடிதம் ஒன்று வந்தது. ராணி சொல்லச் சொல்ல யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியிருக்கிறது. அவள் சொன்னது சொன்னபடியே இருந்தது.

'அண்ணா, நீங்க அனுப்பின பேப்பர் வந்து சேந்துச்சி. எங்க ஊட்டுக்காரரு இப்ப செங்கல் சூளைக்குப் போய்க்கினு இருக்காரு. பேப்பர எடுத்துக்கினு வக்கீலு ஊட்டுக்குப் போனோம். அவரு படிச்சிக் காட்டிட்டு, இனிமே இத வெச்சி கேஸ மாத்தறது கஷ்டம்னு சொன்னாரு. இவரு ரெண்டு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டுக்கினாரு. அந்தப் புதன்கிழமை கோர்ட்ல இவரு பேரக் கூப்டறப்போ, கொஞ்சம் பொறுங்க சார், அண்ணன் வந்துக்கினு இருப்பாரு, வண்டி லேட்டா இருக்கும்னு இவரு வக்கீலு கையப் புடிச்சிக்கினு கெஞ்சினாரு. ஜெயிலுக்குப் போயி வந்த அப்பறமும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு. யாராச்சும் உங்களத் திட்டினா சண்டைக்குப் போவாரு. அன்னிக்கு வண்டி லேட்டு, இல்லன்னா அண்ணன் வந்திருப்பாருன்னு சொல்லுவாரு. இப்பதான் இவருக்குத் தெரிஞ்சுது.'